காப்பீட்டுத் தொகையில் தகராறு: அப்ரெய்சல் எப்போது உதவும்?

வாசகர் கேள்வி – பதில்

வசந்த காலத்து ஆலங்கட்டி மழைக்குப் பிறகு டெக்சஸ் வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. சேதம் உண்டு என்று காப்பீட்டு நிறுவனம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அது கணக்கிட்ட தொகைக்குக் கூரையின் ஒரு பக்கத்தைக்கூடச் சரிசெய்ய முடியவில்லை. நீதிமன்றத்துக்குப் போகாமல் இதைத் தீர்க்கப் பெரும்பாலான வீட்டுக் காப்பீட்டுப் பாலிசிகளிலேயே ஓர் ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் அதை அப்ரெய்சல் என்கிறார்கள். பாலிசி வாசகமும் மாநிலச் சட்டமும் இடத்துக்கு இடம் மாறுபடும் என்பதை மனத்தில் கொண்டு கீழுள்ள பதில்களைப் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: டாலஸுக்கு வடக்கே பிரிஸ்கோவில் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. ஆலங்கட்டி மழையில் கூரை அடிபட்டது. நிறுவனத்தின் அட்ஜஸ்டர், அதாவது சேதத்தை மதிப்பிடுபவர், வந்து பார்த்து, பழுதுபார்க்க 7,900 டாலர் போதும் என்று எழுதினார். எங்கள் டிடக்டிபிள் (இழப்பில் நாங்களே ஏற்க வேண்டிய பங்கு) வீட்டுக் காப்பீட்டுத் தொகையான 4 லட்சத்து 30 ஆயிரம் டாலரில் 2 சதவீதம், அதாவது 8,600 டாலர். ஆகவே எங்களுக்குத் தர வேண்டியது ஒன்றுமில்லை என்று கடிதம் வந்துவிட்டது. கூரை போடும் காண்ட்ராக்டரோ முழுக் கூரையையும் மாற்ற வேண்டும், 27,000 டாலர் ஆகும் என்கிறார். அப்ரெய்சல் கேளுங்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது என்ன ஐயா? நாங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன?
— வாசகி, பிரிஸ்கோ, டெக்சஸ்

பதில்: உங்கள் பாலிசியின் பின்பகுதியில், நிபந்தனைகள் என்ற தலைப்பின் கீழ், இழப்பின் தொகை குறித்து இரு தரப்பும் உடன்படாவிட்டால் அப்ரெய்சல் கோரலாம் என்று ஒரு பத்தி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழக்கத்தில் உள்ள வாசகத்தின்படி, ஒரு தரப்பு எழுத்துமூலம் கோரிய 20 நாட்களுக்குள் இரு தரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை நியமிக்க வேண்டும். அந்த இருவரும் சேர்ந்து அம்பயர் எனப்படும் மூன்றாமவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 15 நாட்களுக்குள் அவர்களால் ஒத்துப்போக முடியாவிட்டால், வீடு இருக்கும் மாநிலத்தின் நீதிபதி ஒருவரிடம் மனுச் செய்து அம்பயரை நியமிக்கச் சொல்லலாம். மதிப்பீட்டாளர்கள் இருவரும் ஒரே தொகைக்கு வந்துவிட்டால் அத்துடன் முடிந்தது. வராவிட்டால், அவர்கள் வேறுபடும் இனங்கள் மட்டும் அம்பயரிடம் போகும். மூவரில் எந்த இருவர் கையெழுத்திட்டாலும் அதுவே இழப்பின் தொகை, அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். உங்கள் மதிப்பீட்டாளரின் கூலியை நீங்கள் தர வேண்டும், நிறுவனத்தின் ஆளுக்கு நிறுவனம் தரும். அம்பயரின் கூலியும் பொதுச் செலவும் பாதிப் பாதி.

இது புதிய வழக்கம் அன்று. 1943இல் நியூயார்க் மாநிலம் வகுத்த தீக்காப்பீட்டு மாதிரிப் பாலிசியில் ஏறக்குறைய இதே வாசகம் இருக்கிறது. பல மாநிலங்கள் அந்த மாதிரியையே பின்பற்றின. அதற்கும் வெகு முன்பே, 1888இல், இந்த ஏற்பாடு டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்திருக்கிறது. ஆயினும் உங்கள் பாலிசியிலும் அது அப்படியே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அண்மைக் காலத்தில் சில நிறுவனங்கள் இரு தரப்பும் சம்மதித்தால் மட்டுமே அப்ரெய்சல் என்று வாசகத்தை மாற்றியிருக்கின்றன. சில பாலிசிகளில் அந்தப் பத்தியே நீக்கப்பட்டிருக்கிறது. சென்ற ஆண்டுப் பாலிசியை எடுத்து வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். சேதம் நிகழ்ந்த நாளில் நடப்பில் இருந்த பாலிசியின் முழுப் பிரதியையும், பின்னிணைப்புகள் உட்பட, நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, அட்ஜஸ்டரின் மதிப்பீட்டை வரிவரியாகக் கேட்டு வாங்கி, காண்ட்ராக்டரின் மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘மொத்தம் 27,000’ என்று ஒரே வரியில் எழுதப்பட்ட காகிதத்துக்கு இந்த முறையில் எந்த மதிப்பும் இல்லை. கூரையின் எந்தச் சரிவில் எத்தனை சதுர அடி, ஷிங்கிள் எனப்படும் கூரை ஓட்டுக்கு என்ன விலை, அடியில் விரிக்கும் உறைக்கும் ஓரத் தகடுகளுக்கும் என்ன விலை, பழையதைப் பிரித்து அகற்ற என்ன கூலி என்று இனம் இனமாக இருக்க வேண்டும். அப்படி ஒப்பிட்டால்தான் தகராறு எங்கே இருக்கிறது என்பது தெரியும். சில சமயம் அட்ஜஸ்டர் பின்பக்கச் சரிவின் மேல் ஏறிப் பார்க்காமல் போயிருப்பார். அப்படியானால் மறு ஆய்வு கேட்டு எழுதுவதே போதும். அதற்குச் செலவும் இல்லை.

மறு ஆய்விலும் அதே விடை வந்தால், கோருவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்ரெய்சல் முழுக்க உங்கள் பக்கம் முடிந்து 27,000 என்றே தீர்ப்பானாலும், டிடக்டிபிள் போக உங்களுக்கு உரியது 18,400 டாலர். நடுவழியில் 17,000 என்று முடிந்தால் 8,400 டாலர். உங்கள் மதிப்பீட்டாளரின் கூலியும் அம்பயர் கூலியில் பாதியும் சேர்ந்து சில ஆயிரம் டாலர் ஆகிவிடக்கூடும். அந்தச் செலவை இந்த இரண்டு தொகையிலிருந்தும் கழித்துப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். வித்தியாசம் இரண்டாயிரம் மூவாயிரமாக இருக்கும் குடும்பங்களுக்கு இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை. அவர்கள் டெக்சஸ் காப்பீட்டுத் துறையிடம் புகார் அளிப்பது நல்லது, அதற்குக் கட்டணம் கிடையாது. உங்கள் நிலை வேறு, வித்தியாசம் பெரியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் பாலிசி கூரைக்குப் புதிதாக மாற்றும் செலவைத் தருகிறதா, தேய்மானம் கழித்த மதிப்பை மட்டும் தருகிறதா? முதல் வகையானால் தேய்மானத் தொகையை நிறுவனம் நிறுத்தி வைத்து, வேலை முடிந்ததும் தரும். இரண்டாம் வகையானால், 15 ஆண்டுப் பழைய கூரைக்கு அப்ரெய்சலில் எவ்வளவு பெரிய தொகை வந்தாலும் அதில் பெரும்பகுதி தேய்மானத்தில் கழிந்துவிடும். பாலிசி தராத ஒன்றை அப்ரெய்சலால் தர முடியாது. அதனால்தான் தீர்ப்பில் மாற்றுச் செலவு, தேய்மானம், தேய்மானம் போக மதிப்பு ஆகிய மூன்றும் ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும் என்று உங்கள் மதிப்பீட்டாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் அப்ரெய்சல் கோரினோம். ‘உங்கள் கூரையில் இருப்பது ஆலங்கட்டிச் சேதம் அன்று, பழமையால் வந்த தேய்வு. இது காரணம் பற்றிய தகராறு, தொகை பற்றியது அன்று. ஆகவே அப்ரெய்சல் பொருந்தாது’ என்று நிறுவனம் பதில் எழுதியிருக்கிறது. இது சரியா?
— வாசகர், மெக்கின்னி, டெக்சஸ்

பதில்: இந்தத் துறையில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. அப்ரெய்சல் ‘எவ்வளவு’ என்பதை மட்டும் தீர்மானிக்கும். ‘தர வேண்டுமா’ என்பதை நீதிமன்றந்தான் தீர்மானிக்கும். சொல்லும்போது இந்தக் கோடு தெளிவாக இருக்கிறது. கூரை மேல் ஏறி நின்றால் அத்தனை தெளிவு இல்லை. ஒரு ஷிங்கிளில் உள்ள குழி ஆலங்கட்டியால் வந்ததா, வெயிலால் வந்ததா என்று பிரிக்காமல் ஆலங்கட்டிச் சேதம் எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்?

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, ப்ளேனோவில், 2003ஆம் ஆண்டு பெய்த ஆலங்கட்டி மழையிலிருந்து எழுந்த ஒரு வழக்கில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 2009இல் இதற்கு விடை சொல்லியிருக்கிறது. அந்த வீட்டில் கூரையின் முகட்டு வரி மட்டுமே சேதம் என்று கண்ட நிறுவனம் 499 டாலர் 50 சென்ட் என்று மதிப்பிட்டது. டிடக்டிபிள் 1,477 டாலர் என்பதால் தர வேண்டியது ஒன்றுமில்லை. வீட்டுக்காரரின் காண்ட்ராக்டர் முழுக் கூரையும் மாற வேண்டும், 13,000 டாலருக்கு மேல் ஆகும் என்றார். பிரிஸ்கோ வாசகியின் கதையும் இதுவேதான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். வீட்டுக்காரர் அப்ரெய்சல் கோரினார். இது காரணம் பற்றிய தகராறு என்று நிறுவனம் மறுத்தது.

நீதிமன்றம் நிறுவனத்தின் வாதத்தை ஏற்கவில்லை. எத்தனை ஷிங்கிள்கள் சேதமாயின என்பதும் தொகையின் ஒரு பகுதியே. எந்த மதிப்பீட்டிலும் காரணம் பற்றிய ஆராய்ச்சி ஓரளவு கலந்தே இருக்கும். புயலுக்கு முன்பே இருந்த குறைகளைப் புயல் சேதத்திலிருந்து மதிப்பீட்டாளர்கள் பிரிக்கவே கூடாது என்றால், புத்தம்புதுக் கூரைக்கு மட்டுந்தான் அப்ரெய்சல் நடத்த முடியும் என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. முதலில் அப்ரெய்சல் நடக்கட்டும்; மதிப்பீட்டாளர்கள் எல்லை மீறினார்களா என்பதைப் பிறகு நீதிமன்றம் பார்த்துக்கொள்ளலாம் என்பதே தீர்ப்பின் சாரம். எனவே உங்களுக்கு வந்த கடிதத்தை இறுதியானதாகக் கொள்ள வேண்டாம். அந்தத் தீர்ப்பைச் சுட்டி, மதிப்பீட்டாளரின் பெயரையும் குறிப்பிட்டு, மறுபடி எழுத்தில் கோருங்கள். அதற்கும் இணங்காவிட்டால், அப்ரெய்சலுக்கு உட்படும்படி உத்தரவிடக் கோரி நீதிமன்றத்தை அணுகலாம். அந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் துணை வேண்டும்.

மின்னசோட்டா உச்ச நீதிமன்றம் 2012இலும், அயோவா உச்ச நீதிமன்றம் 2018இலும் மதிப்பீட்டாளர்கள் காரணத்தையும் ஆராயலாம் என்று தீர்ப்பளித்தன. ஃப்ளோரிடாவில் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பு நடுவழியில் நிற்கிறது: நிறுவனம் கிளைமை (இழப்பீட்டுக் கோரிக்கையை) முழுவதுமாக மறுத்தால் காரணத்தை நீதிமன்றம் தீர்மானிக்கும்; ஒரு பகுதியையாவது ஒப்புக்கொண்டால் மீதி மதிப்பீட்டாளர்களைச் சேரும். கலிஃபோர்னியா நீதிமன்றங்களோ மதிப்பீட்டாளர்கள் காரணத்தையும் காப்பின் எல்லையையும் தொடவே கூடாது என்று கண்டிப்பாக இருக்கின்றன. ஆகவே டெக்சஸ் தீர்ப்பை நம்பி, கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் இருக்கும் தம்பிக்கு ஆலோசனை சொல்ல வேண்டாம்.

எந்த மாநிலமானாலும் என் வேண்டுகோள் ஒன்றுதான். அப்ரெய்சல் தீர்ப்புப் படிவத்தில் காரணத் தகராறு உள்ள இனங்களைத் தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். முன்பக்கச் சரிவு இவ்வளவு, பின்பக்கச் சரிவு இவ்வளவு, உட்கூரைக் கறை இவ்வளவு என்று பிரிந்திருந்தால், பின்னர் நீதிமன்றம் ஒன்றைத் தள்ளினாலும் மற்றவை நிற்கும். எல்லாம் ஒரே கூட்டுத்தொகையாக இருந்தால் ஓர் இனத்தின் தகராறு முழுத் தீர்ப்பையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பணத்துக்காக ஓராண்டு காத்திருந்த குடும்பம், படிவத்தில் நான்கு வரி இல்லாத குறையால் இன்னும் ஓராண்டு காத்திருப்பது மிகவும் வேதனையானது, எளிதில் தவிர்க்கக்கூடியதும்கூட.

கேள்வி: என் மைத்துனர் சிவில் என்ஜினீயர். அவரையே என் மதிப்பீட்டாளராக நியமிக்கலாமா? அல்லது, கிடைக்கும் தொகையில் பத்து சதவீதம் தந்தால் போதும், நானே வருகிறேன் என்று ஒரு பப்ளிக் அட்ஜஸ்டர் (வீட்டுக்காரர் சார்பில் கிளைமை நடத்துபவர்) சொல்கிறார், அவரை வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், டாம்பா, ஃப்ளோரிடா

பதில்: இருவருமே வேண்டாம். பாலிசி வாசகம் மதிப்பீட்டாளர் தகுதியுள்ளவராகவும் நடுநிலையாளராகவும் இருக்க வேண்டும் என்கிறது. மைத்துனருக்குத் தகுதி இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் முன்னின்று நடத்தியவரை நடுநிலையாளர் என்று எதிர்த் தரப்பு ஏற்காது. அந்த ஆட்சேபணை தீர்ப்புக்குப் பின் எழுந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

பப்ளிக் அட்ஜஸ்டர் விஷயத்தில் உங்கள் மாநிலத்திலேயே தெளிவான தீர்ப்பு இருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம், கிளைம் தொகையில் சதவீதக் கூலி பெறுபவருக்குத் தொகை கூடுவதில் சொந்த ஆதாயம் இருப்பதால், பற்றற்றவராக இருக்க வேண்டும் என்று கோரும் பாலிசியின் கீழ் அவர் மதிப்பீட்டாளராக இருக்க முடியாது என்று கூறியது. கொலராடோ உச்ச நீதிமன்றம் 2019இல், நடுநிலை என்ற சொல் பாலிசியில் இருந்தால் மதிப்பீட்டாளர் தன்னை நியமித்தவருக்காக வாதாடக் கூடாது என்ற அளவுக்குச் சென்றது. மணிக்கணக்கிலோ ஒப்பந்தத் தொகையாகவோ கூலி பெறும், கூரை வேலையையும் விலைவாசியையும் அறிந்த ஒருவரைத் தேடுங்கள். நிறுவனங்களின் அட்ஜஸ்டர்கள் பயன்படுத்தும் எக்ஸாக்டிமேட் மென்பொருளில் வரிவரியாக மதிப்பீடு எழுதத் தெரிந்தவரானால் இன்னும் நல்லது. எதிர்த் தரப்பின் மதிப்பீட்டாளர் பேசுவதும் அந்தக் கணக்கில்தான்.

கிளைமை நடத்துவதற்குப் பப்ளிக் அட்ஜஸ்டரை அமர்த்துவது வேறு விஷயம், அதில் தவறில்லை. டெக்சஸில் அவர்கள் கூலி, தீர்வுத் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். கூரை போடும் காண்ட்ராக்டரே தான் வேலை எடுத்த வீட்டுக்குக் கிளைம் பேரத்தையும் நடத்துவதை அம்மாநிலச் சட்டம் தடுக்கிறது. அந்தத் தடையை டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 2024இல் உறுதிசெய்தது.

அம்பயரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் பல வழக்குகளில் தொகையை முடிவுசெய்பவர் அவர்தான். எதிர்த் தரப்பு தரும் பெயர்ப்பட்டியலைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று உங்கள் மதிப்பீட்டாளரிடம் சொல்லுங்கள். அந்த நபர் இதே நிறுவனத்துக்கு அடிக்கடி வேலை செய்பவரா, உங்கள் மதிப்பீட்டாளருடன் கூட்டுத்தொழில் உள்ளவரா என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டுமே தீர்ப்பைப் பாதிக்கக்கூடியவை.

ஃப்ளோரிடா வாசகர்களுக்கு இன்னொரு செய்தி. அங்கே வீட்டுக் கிளைம் தகராறுகளுக்கு அரசின் மத்தியஸ்தத் திட்டம் ஒன்று உண்டு, செலவு நிறுவனத்துடையது. அந்த உரிமையை நிறுவனம் உங்களுக்குத் தெரிவிக்கத் தவறியிருந்தால், அப்ரெய்சலை முடித்த பிறகே வழக்குப் போடலாம் என்று அது வற்புறுத்த முடியாது. அப்ரெய்சலுக்குப் பணம் செலவழிக்கும் முன் இந்த மத்தியஸ்தத்தை முயன்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் டவுன்ஹோம் குடியிருப்பில் ஆலங்கட்டி விழுந்து சுவரின் சைடிங் பலகைகளில் சில மட்டும் உடைந்தன. உடைந்தவற்றை மட்டும் மாற்றத் தருவோம் என்கிறது நிறுவனம். பழைய பலகைகள் வெளுத்துவிட்டதால் புதியவை திட்டுத்திட்டாகத் தெரியும். இதை அப்ரெய்சலில் கேட்க முடியுமா?
— வாசகி, மினியாபொலிஸ் அருகே

பதில்: முடியும். உங்கள் மாநிலத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 2011 அக்டோபரில் பர்ன்ஸ்வில் நகரில் 20 கட்டடங்கள் கொண்ட ஒரு டவுன்ஹோம் சங்கத்துக்கு நேர்ந்ததும் இதுவே. பழைய பலகைகளின் நிறம் ஆண்டுகளால் மங்கியிருந்ததால் பொருத்தமான பலகை கிடைக்காது என்று கண்ட அப்ரெய்சல் குழு, முழுச் சைடிங்கையும் மாற்றும் தொகையை வழங்கியது. மின்னசோட்டா உச்ச நீதிமன்றம் 2014இல் அதை ஏற்று, ஒப்பான பொருள், ஒப்பான தரம் என்ற பாலிசி வாசகத்துக்கு நியாயமான அளவில் நிறமும் ஒத்திருக்க வேண்டும் என்று பொருள் கண்டது. நிறப் பொருத்தத்தை விலக்கும் பின்னிணைப்பு உங்கள் சங்கத்தின் பாலிசியில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்ரெய்சலில் எங்களுக்கு நல்ல தொகை தீர்ப்பானது, நிறுவனம் சில நாட்களில் முழுவதையும் கொடுத்துவிட்டது. ஆனால் அதற்குள் பதினெட்டு மாதங்கள் போயின. மழை ஒழுகி உள்ளே எல்லாம் பாழானது. இத்தனை காலம் இழுத்தடித்ததற்கு எதுவும் கேட்க முடியாதா?
— வாசகர், சான் அன்டோனியோ, டெக்சஸ்

பதில்: ஒரு பகுதி கேட்கலாம், ஒரு பகுதி முடியாது. 2019இல் ஒரே நாளில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. ஒன்றில், அப்ரெய்சலில் தீர்ப்பான தொகையை நிறுவனம் முழுமையாகக் கொடுத்துவிட்டால் ஒப்பந்த மீறல் வழக்கு நிற்காது. நேர்மையற்ற நடத்தைக்கான வழக்கும், இழப்பாகச் சொல்லப்படுவது பாலிசித் தொகை மட்டுமே என்றால் நிற்காது என்றது. மற்றொன்றில், தாமதத்துக்கான வட்டியைக் கேட்கும் உரிமை அப்ரெய்சல் தொகையைக் கொடுத்ததால் மட்டும் அழிந்துவிடாது என்றது. 2021இல் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. முதலில் சுமார் 2,000 டாலர் மட்டும் தந்து, அப்ரெய்சலுக்குப் பின் சுமார் 23,000 டாலர் தந்த ஒரு நிறுவனம், ஆரம்பத்தில் ஏதோ கொடுத்தோமே என்று சொல்லி வட்டியிலிருந்து தப்ப முடியாது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

டெக்சஸ் சட்டப்படி நிறுவனம் கிளைமை 15 நாட்களுக்குள் பெற்றுக்கொண்டதாக அறிவிக்க வேண்டும். கேட்ட ஆவணங்கள் எல்லாம் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். தருவதாக அறிவித்த 5 வேலை நாட்களுக்குள் பணத்தைத் தர வேண்டும். பொதுவாக இதை மீறினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஆலங்கட்டி, காற்று போன்ற வானிலைச் சேதங்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் இந்த விகிதத்தைக் குறைத்து, நீதிமன்றத் தீர்ப்புகளுக்கான வட்டியுடன் 5 சதவீதம் என்று ஆக்கியது. அச்சட்டப்படி வழக்குக்கு 61 நாட்களுக்கு முன் நிறுவனத்துக்கு அறிவிப்பும் அனுப்ப வேண்டும். 2024இல் வந்த தீர்ப்பு வீட்டுக்காரர்களுக்கு அனுகூலமானது அன்று: அப்ரெய்சல் தொகையையும் கடன்பட்டிருக்கக்கூடிய வட்டி முழுவதையும் நிறுவனம் கொடுத்துவிட்டால் வழக்கறிஞர் கட்டணம் கிடைக்காது. எனவே உங்கள் பதினெட்டு மாத வட்டி நிறுவனம் அனுப்பிய காசோலையில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கணக்குப் பாருங்கள். உள்ளே ஒழுகியதால் வந்த சேதம் அப்ரெய்சலில் சேர்க்கப்பட்டிருந்ததா என்பதையும் தீர்ப்புப் படிவத்தில் தேடுங்கள். சேர்க்கப்படவில்லையானால் அந்தப் பகுதி இன்னும் தீராத கிளைமாக இருக்கக்கூடும். அதை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: 2025 ஜனவரித் தீயில் ஆல்டடீனாவில் எங்கள் வீடு புகையாலும் சாம்பலாலும் பாதிக்கப்பட்டது. இப்போது நிறுவனமே அப்ரெய்சலுக்கு வாருங்கள் என்று வற்புறுத்துகிறது. போகத்தான் வேண்டுமா?
— வாசகி, பாசடீனா, கலிஃபோர்னியா

பதில்: கட்டாயம் இல்லை. கலிஃபோர்னியாவின் தீக்காப்பீட்டு மாதிரிப் பாலிசியில், அரசு பேரிடர் என்று அறிவித்த நிகழ்வுகளில் எந்தத் தரப்பும் அப்ரெய்சலைக் கோரலாம், ஆனால் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று சட்டமே சொல்கிறது. அந்தத் தீ அத்தகைய பேரிடர். உங்கள் தகராறு பெரும்பாலும் ‘புகைச் சேதம் உண்டா, சோதனை தேவையா, துடைத்தால் போதுமா’ என்பதாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அது தொகையை விட ஆழமான கேள்வி. உங்கள் மாநிலத்தில் அப்ரெய்சல் அதற்குப் பொருத்தமான இடம் அன்று. சதுர அடி விலை மட்டுமே தகராறு என்றால் யோசிக்கலாம். காப்புத் தொகையே போதாது என்ற குறையை எந்த அப்ரெய்சலும் தீர்க்காது.

கேள்வி: ஹூஸ்டனில் வெள்ளக் காப்பீட்டிலும் இந்த முறை உண்டா?
— வாசகர், ஷுகர்லேண்ட், டெக்சஸ்

பதில்: உண்டு. கூட்டரசின் வெள்ளக் காப்பீட்டுப் பாலிசியிலும் அதே 20 நாள், 15 நாள் வாசகம் இருக்கிறது; குடியிருப்புக் கட்டடத்துக்கு உச்சத் தொகை 2,50,000 டாலர், வீட்டுப் பொருள்களுக்கு 1,00,000 டாலர். ஆனால் அங்கே கெடுக்கள் மிகக் கறாரானவை. கையெழுத்திட்ட இழப்புச் சான்றை 60 நாட்களுக்குள் தர வேண்டும். எழுத்துமூலம் மறுக்கப்பட்ட ஓராண்டுக்குள் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். அப்ரெய்சல் கோரும் முன் இழப்புச் சான்றை உரிய காலத்தில் கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். சென்னையில் அப்பாவின் கடைக்கு வெள்ளத்தால் ஏற்பட்ட சேதத்தில் சர்வேயர் மிகக் குறைவாக எழுதிவிட்டார். அங்கே அப்ரெய்சல் கேட்கலாமா?
— வாசகர், எடிசன், நியூஜெர்சி

பதில்: இந்தியாவில் இந்த வடிவத்தில் ஏற்பாடு இல்லை. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64யூஎம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட இழப்பை உரிமம் பெற்ற சர்வேயர் மதிப்பிடுகிறார். அவரது அறிக்கை முக்கியமானது, ஆனால் இறுதியானது அன்று என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்திருக்கிறது. அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எந்தச் சரக்கை எந்தக் காரணத்தால் குறைத்தார் என்பதற்கு, கொள்முதல் பில்களையும் ஸ்டாக் பதிவேட்டையும் வைத்து இனவாரியாக மறுப்பு எழுதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே தீராவிட்டால் 50 லட்சம் ரூபாய் வரையுள்ள தகராறுகளுக்குச் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகத்தை அணுகலாம், கட்டணம் இல்லை. ஆனால் அப்பாவின் கடை எந்தப் பெயரில், எந்த வகைப் பாலிசியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த வழி திறக்கும். இல்லையேல் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

கேள்வி: அப்ரெய்சல் நடந்துகொண்டிருக்கிறது. அது முடியும்வரை வழக்குத் தொடரும் காலக்கெடு நின்றுவிடும் என்று அட்ஜஸ்டர் தொலைபேசியில் சொன்னார். நம்பலாமா?
— வாசகர், ஆஸ்டின், டெக்சஸ்

பதில்: நம்ப வேண்டாம். அப்ரெய்சல் கோரியதால் மட்டும் காலக்கெடு தானாக நிற்பதில்லை. டெக்சஸ் வீட்டுப் பாலிசிகளில் வழக்குக்கான கெடு பெரும்பாலும் 2 ஆண்டும் ஒரு நாளும் என்று எழுதப்பட்டிருக்கும். நிறுவனம் கிளைமை மறுத்தோ முடித்தோ எழுதிய கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள். கலிஃபோர்னியா மாதிரிப் பாலிசியில் பொதுவாக 12 மாதங்கள், அவசரநிலை அறிவிக்கப்பட்ட பேரிடரானால் 24 மாதங்கள். மதிப்பீட்டாளர்கள் அம்பயரைத் தேடுவதிலேயே மாதங்கள் கழிவதைப் பார்த்திருக்கிறேன். அட்ஜஸ்டர் நல்லெண்ணத்துடன்தான் சொல்லியிருப்பார். ஆனால் அடுத்த மாதம் உங்கள் கோப்பு வேறொருவர் மேசைக்குப் போயிருக்கும். அப்ரெய்சல் முடியும்வரை காலக்கெடு ஓடாது என்று இரு தரப்பும் கையெழுத்திடும் ஓர் ஒப்பந்தத்தை இந்த வாரமே மின்னஞ்சலில் கேளுங்கள். கெடுவுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பும் அது கைக்கு வரவில்லையானால், அப்ரெய்சல் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் கோப்புடன் வழக்கறிஞரிடம் செல்லுங்கள். வானிலைச் சேதமானால் 61 நாள் முன்னறிவிப்புக்கும் அந்த மூன்று மாதத்துக்குள்தான் இடம் வேண்டும்.